பேஸ்பால் ஆட்டம்: ஊரின் பெயரும் முதலாளியின் உரிமையும்

சொந்த ஊரை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மில் பலருக்கு, ஊரின் பெயரைக் கேட்டாலே உள்ளம் ஒரு கணம் நிமிர்ந்துகொள்கிறது. சென்னையின் பெயரைத் தாங்கிய கிரிக்கெட் குழு ஒன்று ஆடுகிறது என்றால், அதில் எத்தனை பேர் சென்னையில் பிறந்தவர்கள் என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை. வென்றால் நாம் வென்றோம் என்கிறோம். தோற்றால் அன்றிரவு சாப்பாடு ருசிப்பதில்லை. ஆனால் அக்குழு சென்னை நகரத்துக்குச் சொந்தமன்று. ஒரு கம்பெனிக்குச் சொந்தம். ஆட்டக்காரர்களோ பெரும்பாலும் ஏலத்தில் எடுக்கப்பட்டவர்கள். ஊரின் பெயர், முதலாளியின் பணம், விலைக்கு வந்த ஆட்டக்காரர் என்ற இந்த ஏற்பாடு நம் நாட்டுக் கிரிக்கெட்டில் 2008-ஆம் ஆண்டில்தான் வேரூன்றியது. அமெரிக்காவில் இது நூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையது. அங்கே இதை முதலில் உருவாக்கிய ஆட்டம் பேஸ்பால்.

இத்தகைய குழுவை நடத்தும் உரிமைக்கு ஆங்கிலத்தில் 'பிரான்சைஸ்' என்று பெயர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் எதிர்ப்படும் போதெல்லாம் பேனா சற்றே தயங்கும். தேர்தல் சட்டத்தில் வந்தால் 'வாக்குரிமை' என்று எழுத வேண்டும். வணிகப் பத்திரத்தில் வந்தால், ஓரிடத்தில் ஒரு பெயரால் தொழில் நடத்தும் உரிமை என்று எழுத வேண்டும். ஒரே சொல், ஒன்று குடிமகனுடைய உரிமை, மற்றொன்று முதலாளியுடைய உரிமை. பேஸ்பால் குழுக்களின் சரித்திரத்தைப் படிக்கும்போது, இவ்விரு பொருள்களுக்கும் இடையே நடந்த நீண்ட வழக்கையே படிப்பதாக நமக்குத் தோன்றுகிறது. குழு யாருக்குச் சொந்தம்? பணம் போட்டவருக்கா, ஆடுகிறவருக்கா, பெயர் கொடுத்த ஊருக்கா?

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேஸ்பால் கிரிக்கெட்டுக்குப் பங்காளி முறை. பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்தை எறிய, எதிர்ப்பக்கத்தவர் உருண்டையான மட்டையால் அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த நான்கு நிலைகளையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். நியூயார்க்கில் 1845-ஆம் ஆண்டில் நிக்கர்பாக்கர் என்ற சங்கத்தார் இதற்கு விதிகளை எழுதிவைத்தனர். அலுவல் முடிந்தபின் தேகப்பயிற்சிக்காகவும் நட்புக்காகவும் கனவான்கள் ஆடிய ஆட்டம் அது. பின்னர் பல சங்கங்கள் கூடி ஒரு பேரவை அமைத்தபோது, கூலி வாங்கி ஆடலாகாது என்றும் விதித்தனர். ஆயினும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்த இடத்தில் நுழைவுக் கட்டணமும் சேர்ந்தது. கட்டணம் வந்தபின், நன்றாக ஆடுகிறவனுக்குத் திரைமறைவில் ஏதேனும் கொடுப்பதும் வழக்கமாயிற்று.

அந்தத் திரையை 1869-ஆம் ஆண்டில் விலக்கியவர்கள் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரத்தார். 'ரெட் ஸ்டாக்கிங்ஸ்', அதாவது செங்காலுறைக்காரர் என்ற அவர்கள் குழுவில் பத்துப் பேருக்கும் வெளிப்படையாகச் சம்பளம். தலைவர் ஹாரி ரைட் இங்கிலாந்தில் பிறந்தவர். நியூயார்க்கில் கூலிக்குக் கிரிக்கெட் ஆடிப் பழகியவர். அவருடைய தம்பி ஜார்ஜ் ரைட்டுக்கு ஓர் ஆட்டப் பருவத்துக்கு 1,400 டாலர். குழுவில் அதுவே உயர்ந்த சம்பளம். சின்சினாட்டியின் பெயரைத் தாங்கிய அப்பத்துப் பேரில் அந்த ஊர்க்காரர் ஒருவரே. அக்குழு கிழக்கே பாஸ்டனிலிருந்து மேற்கே சான்பிரான்சிஸ்கோ வரை ரயிலேறிச் சென்று ஆடி, அவ்வாண்டு முழுவதும் தோல்வியே காணவில்லை. 1870 ஜூன் மாதம் புரூக்ளினில் 8-க்கு 7 என்ற கணக்கில் முதன்முறை தோற்றது. அதன்பின் கூட்டம் குறைந்தது. சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. ஆண்டு முடிவில், சம்பளக் குழு வேண்டாம் என்று சங்கத்தார் தீர்மானித்துவிட்டனர். ஹாரி ரைட் தம்மோடு சில ஆட்டக்காரர்களையும், குழுவின் பெயரையும் எடுத்துக்கொண்டு பாஸ்டன் நகருக்குச் சென்றுவிட்டார். ஊர்விட்டு ஊர் போகும் குழுக்களின் கதை தொழில்முறை ஆட்டம் தொடங்கிய இரண்டாம் ஆண்டிலேயே ஆரம்பமாகிவிட்டது.

1871-இல் தொழில்முறை ஆட்டக்காரர்கள் தாமே ஒரு தேசிய சங்கம் கண்டனர். பத்து டாலர் கட்டினால் எந்த ஊர்க் குழுவும் அதில் சேரலாம். அதனால் இண்டியானாவின் போர்ட் வெய்ன் போன்ற சிற்றூர்க் குழுக்களும் சேர்ந்தன. பருவம் முடியுமுன் கையிருப்புக் கரைந்து விலகவும் செய்தன. ஆட்டக்காரர்கள் நல்ல சம்பளம் கிடைத்த இடத்துக்கு மாறினர். சூதாட்டமும் புகுந்தது. பாஸ்டன் குழுவே தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வாகை சூடியதால் மற்ற ஊர்களில் ஊக்கம் குன்றியது.

இச்சங்கத்துக்கு முடிவுகட்டியவர் சிக்காகோக் குழுவின் தலைவர் வில்லியம் ஹல்பர்ட். 1876 பிப்ரவரி 2-ஆம் நாள் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் எட்டுக் குழுக்களைச் சேர்த்து 'நேஷனல் லீக்' என்ற அமைப்பை அவர் நிறுவினார். பெயரிலேயே மாற்றம் தெரியும். முந்தியது ஆட்டக்காரர்களின் சங்கம். இதுவோ குழுக்களின், அதாவது முதலாளிகளின் கூட்டு. 75,000 மக்களுக்குக் குறைந்த ஊருக்கு இடமில்லை. ஓர் ஊருக்கு ஒரு குழுதான். அந்த ஊர் எல்லைக்குள் வேறு எவரும் தலையிடாதபடி மற்றவர்கள் காவலிருப்பர். நியூயார்க், பிலடெல்பியா ஆகிய இரு பெரு நகரக் குழுக்கள் பருவத்தின் கடைசிப் பயணத்தை மேற்கொள்ள மறுத்தபோது, முதலாண்டிலேயே அவற்றை ஹல்பர்ட் தள்ளி வைத்தார். மறு ஆண்டு, பணம் வாங்கிக்கொண்டு தோற்ற லூயிவில் குழுவினர் நால்வருக்கு ஆயுள் முழுவதும் தடை விதித்தார். கண்டிப்பான மனிதர், அவரால் ஆட்டத்துக்கு ஓர் ஒழுங்கு வந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அந்த ஒழுங்கோடு ஒரு விலங்கும் வந்தது. 1879-இல் முதலாளிகள் தமக்குள் ஓர் இரகசிய உடன்பாடு செய்துகொண்டனர். ஒவ்வொரு குழுவும் ஐந்து ஆட்டக்காரர்களின் பெயரைக் குறித்து வைக்கலாம். அவர்களை வேறு குழு தீண்டக்கூடாது. 'ரிசர்வ்' விதி எனப்படும் இது நாளடைவில் எல்லா ஆட்டக்காரருக்கும் விரிந்து, ஒப்பந்தத்திலேயே ஏறிவிட்டது. ஒப்பந்தக் காலம் ஓராண்டுதான். ஆனால் அது முடிந்தபின்னும் ஆட்டக்காரன் அந்த முதலாளிக்கே உரியவன். முதலாளி அவனை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விலக்கலாம். அவனோ வேறிடம் தேட முடியாது. ஆட்டத்தையே விட்டுப் போகலாம், அவ்வளவே.

இதை எதிர்த்து முதலில் எழுந்தவர் ஜான் மாண்ட்கோமரி வார்டு. ஆட்டக்காரராக இருந்துகொண்டே கொலம்பியாவில் சட்டம் பயின்றவர். 1885-இல் ஆட்டக்காரர் சகோதர சங்கத்தை நிறுவினார். 1887-இல் ஒரு கட்டுரை எழுதி, ஆட்டக்காரன் மனிதனா, அல்லது விற்று வாங்கும் சொத்தா என்று கேட்டார். முதலாளிகள் ஆட்டக்காரர்களைத் தரம் பிரித்துச் சம்பளத்துக்கு உச்சவரம்பு கட்டினர். சங்கத்தார் பொறுமை இழந்து, 1890-இல் தாமே ஒரு லீக்கைத் தொடங்கிவிட்டனர். 'பிளேயர்ஸ் லீக்' என்ற அவ்வமைப்பில் பணம் போட்டவரும் ஆடுகிறவரும் சேர்ந்து நிர்வாகம் நடத்தினர். 'ரிசர்வ்' விதி இல்லை. புகழ்பெற்ற ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அங்கே சேர்ந்தனர். ஆயினும் ஒரே ஊரில் ஒரே நாளில் இரண்டு, மூன்று ஆட்டங்கள் நடந்ததால் எல்லாருக்கும் நஷ்டம். நேஷனல் லீக்காரர்கள் தம் நஷ்டத்தை மறைத்துக்கொண்டு, எதிர்த்தரப்பில் பணம் போட்டவர்களைத் தனித்தனியே அழைத்துப் பேசினர். பணம் போட்டவர்கள் சமாதானமாகிப் போயினர். ஆட்டக்காரர்கள் நடுத்தெருவில் நின்றனர். ஓராண்டோடு அந்த லீக் மறைந்தது.

1901-இல் பேன் ஜான்சன் என்பவர் 'அமெரிக்கன் லீக்' என்ற போட்டி அமைப்பைப் பெரிய லீக் என்று அறிவித்து, பழைய லீக்கின் ஆட்டக்காரர்களை அதிகச் சம்பளத்தால் இழுத்தார். 1903-இல் இரண்டும் சமாதானம் செய்துகொண்டன. அவ்வாண்டே இரு லீக் வாகையரும் மோதிய தொடரில் பாஸ்டன் குழு பிட்ஸ்பர்க்கை வென்றது. இதுவே உலகத் தொடர் எனப்படுகிறது. 1903 முதல் 1952 முடிய ஐம்பது ஆண்டுகள், பத்து நகரங்களில் பதினாறு குழுக்கள் இடம் மாறாமல் இருந்தன. தாத்தா கண்ட குழுவைப் பேரனும் அதே அரங்கில் கண்டான். குழு ஊருக்கே சொந்தம் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஊறியது இந்த ஐம்பது ஆண்டுகளில்தான். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1914, 1915-ஆம் ஆண்டுகளில் நடந்து மறைந்த 'பெடரல் லீக்' வழக்கில், 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஹோம்ஸ் எழுதிய அத்தீர்ப்பின்படி, பேஸ்பால் காட்சி நடத்துவது மாநிலங்களுக்கிடையிலான வாணிகமன்று. ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது. முதலாளிகளின் கோட்டைக்கு இது மதிலாயிற்று.

இதுவரை சொன்னது வெள்ளையர் கதை. 1884-இல் டொலீடோக் குழுவில் மோசஸ் பிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின ஆட்டக்காரர் ஆடியதுண்டு. அதன்பின், எந்த விதிப் புத்தகத்திலும் எழுதாமலே, கறுப்பினத்தாருக்குக் கதவு அடைக்கப்பட்டது. தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டுச் சிக்காகோ, டெட்ராய்ட், பிட்ஸ்பர்க் முதலிய வடக்கு நகரங்களுக்கு அம்மக்கள் லட்சக்கணக்கில் குடிபெயர்ந்த காலம் வந்தது. புதிய ஊரில் தமக்கென்று கோயிலும் பத்திரிகையும் சங்கமும் கண்டதுபோல, அவர்கள் தமக்கென்று லீக்கும் கண்டனர். ரூப் பாஸ்டர் என்ற பெருமகனார் 1920-இல் கான்ஸாஸ் சிட்டியில் எட்டுக் குழுக்களைக் கூட்டி 'நீக்ரோ நேஷனல் லீக்'கை நிறுவினார். அப்பெயர் இன்று நாம் வழங்க விரும்பாத பெயராயினும், அவர்கள் தமக்குத் தாமே அன்று இட்டுக்கொண்ட பெயர். கான்ஸாஸ் சிட்டி மோனார்க்ஸ் குழு 1930-இல் விளக்குகளை லாரியில் ஏற்றிச் சென்று இரவு ஆட்டம் நடத்தியது. வெள்ளையரின் பெரிய லீக்குகளில் இரவு ஆட்டம் வந்தது 1935-இல். ஸாச்செல் பெய்ஜ், ஜாஷ் கிப்சன் போன்ற மேதைகள் இக்குழுக்களில் ஆடினர்; சென்ற ஊர்களில் படுக்க விடுதியும் உண்ண ஓட்டலும் மறுக்கப்பட்டு, பஸ்ஸிலேயே உறங்கியும் ஆடினர்.

1947 ஏப்ரல் 15-ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவுக்காகக் களமிறங்கினார். நிறத்தடை உடைந்த அந்நாளை அமெரிக்கா இன்றும் கொண்டாடுகிறது. கொண்டாடத்தக்க நாளே. ஆனால் அதன் மறுபக்கத்தையும் நேயர்கள் அறிய வேண்டும். ராபின்சன் அதற்கு முன் ஆடிய மோனார்க்ஸ் குழுவுக்குப் புரூக்ளின் ஒரு டாலர்கூட ஈடு கொடுக்கவில்லை. 1946-இல் கறுப்பினத்தாரின் உலகத் தொடரை வென்ற நியூஆர்க் ஈகிள்ஸ் குழுவை நடத்தி வந்த எபா மேன்லி என்ற அம்மையார், இது நியாயமா என்று உரக்கக் கேட்டார். அவருடைய டான் நியூகம்பையும் புரூக்ளின் விலை கொடாமலே எடுத்துக்கொண்டது. லாரி டோபிக்காக மட்டும் கிளீவ்லாந்துக் குழு 15,000 டாலர் தந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் போனதும் ரசிகர்களும் அவர்கள் பின்னே போயினர். 1948-ஆம் ஆண்டோடு நீக்ரோ நேஷனல் லீக் முடிவுற்றது. நீதி கிடைத்தபோது, அநீதிக்காலத்தில் தம் கையால் கட்டிய வீடு அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. 1920 முதல் 1948 வரையிலான அந்த லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று 2020 டிசம்பரில்தான் அறிவித்தார்கள். 2024-இல் கணக்குகளைச் சேர்த்தபோது, மட்டையாட்டச் சராசரியில் டை காப் என்பவரின் நெடுநாளைய முதலிடம் ஜாஷ் கிப்சனுக்குச் சென்றது. கிப்சன் 1947-இலேயே காலமாகிவிட்டார்.

இனி, ஊர்களின் கதைக்குத் திரும்புவோம். ஹாரி ரைட் பாஸ்டனில் நிறுவிய குழு, 'பிரேவ்ஸ்' என்ற பெயரோடு 1952 வரை அங்கேயே இருந்தது. அவ்வாண்டு முழுவதும் அதைப் பார்க்க வந்தவர்கள் 2,81,278 பேரே. 1953-இல் முதலாளி அதை மில்வாக்கி நகருக்குக் கொண்டுசென்றார். முதலாண்டிலேயே 18 லட்சம் பேர் வந்தனர். ஐம்பது ஆண்டு அமைதி கலைந்தது. மில்வாக்கி மக்கள் அக்குழுவைத் தம் குழந்தை போல வளர்த்தனர். 1957-இல் அது உலகத் தொடரை வென்றது. ஆனால் 1965 முடிவில் புதிய முதலாளிகள் அதைத் தெற்கே அட்லாண்டாவுக்குக் கொண்டுபோயினர். விஸ்கான்சின் மாநில அரசே வழக்குத் தொடர்ந்தது. கீழ்க் கோர்ட்டில் வென்றும், மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பாஸ்டனிலிருந்து பறித்துக்கொண்டபோது மகிழ்ந்த மில்வாக்கி, தான் பறிகொடுத்தபோதுதான் பாஸ்டனின் மனத்தை அறிந்திருக்கும். 1970-இல் அது மீண்டும் ஒரு குழுவைப் பெற்றது; அதுவும் சியாட்டில் நகரில் ஓராண்டே இருந்து திவாலான குழு.

இவற்றுள் ஆறாத புண் புரூக்ளினுடையது. டிராம் வண்டிகளுக்கு இடையே புகுந்து ஓடித் தப்பும் புரூக்ளின்வாசிகளைக் குறித்துப் பிறந்த கேலிப் பெயரே 'டாட்ஜர்ஸ்'. யூதரும் இத்தாலியரும் ஐரிஷ்காரரும் கறுப்பினத்தாரும் நெருங்கி வாழ்ந்த புரூக்ளினில், எல்லாரும் சேர்ந்து 'நம்முடையது' என்று சொல்லக்கூடிய சில பொருள்களில் அக்குழு ஒன்று. 1955-இல் அது முதன்முறை உலகத் தொடரை வென்றது. இரண்டே ஆண்டில், புதிய அரங்கத்துக்கு வேண்டிய நிலம் தொடர்பாக முதலாளி வால்டர் ஓமாலிக்கும் நகர அதிகாரி ராபர்ட் மோஸஸுக்கும் உடன்பாடு ஏற்படாமற் போகவே, குழு மூவாயிரம் மைலுக்கு அப்பால் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் புறப்பட்டது. 1957 செப்டம்பர் 24-இல் நடந்த கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 6,702 பேர். 1960-இல் அரங்கத்தை இடித்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் புதிய அரங்கம் எழுந்த சாவேஸ் ராவீன் என்ற குன்றுப்பகுதியும் வெறும் நிலமன்று. மெக்சிக வம்சத்தார் தலைமுறையாக வாழ்ந்த இடம் அது. ஏழைகளுக்கு அரசாங்க வீடு கட்டித் தருவோம் என்று சொல்லி அவர்களை எழுப்பினர். வீட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. நிலம் பேஸ்பாலுக்குப் போயிற்று. எஞ்சியிருந்த குடும்பத்தாரை 1959-இல் போலீஸார் தூக்கி வெளியேற்றினர். ஓர் ஊர் குழுவை இழந்தது. மற்றோர் ஊரில் அதே குழுவுக்காகச் சிலர் வீட்டை இழந்தனர்.

அதே 1957-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் வேறொரு காரியம் நடந்தது. அவ்வூர்ச் சிறு லீக் குழுவை அதன் முதலாளிகள் விற்க முனைந்தபோது, மாரி சில்வர் என்ற வியாபாரியின் தலைமையில் ஊர் மக்கள் பங்குப் பணம் திரட்டினர். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குதாரராகிக் குழுவை வாங்கிவிட்டனர். அது ஊரை விட்டுப் போகவில்லை. பெரிய லீக்குகளில் இதைப் பின்பற்றியவர் இல்லை.

ஆட்டக்காரர்களின் வழக்கு இதற்கிடையே மீண்டும் எழுந்தது. கர்ட் பிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரர் செயின்ட் லூயிஸ் குழுவில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடியவர். 1969-இல் அவரைக் கேளாமலே பிலடெல்பியாவுக்கு மாற்றினர். அவருக்குச் சம்பளம் 90,000 டாலர். போயிருந்தால் அதற்குக் குறைவிராது. ஆயினும், தாம் விற்று வாங்கும் பண்டமல்லர் என்று கமிஷனருக்குக் கடிதம் எழுதிவிட்டு வழக்காடினார். ஆட்டத்தில் இருந்த ஒருவரும் அவருக்காகச் சாட்சி கூற வரவில்லை. ஓய்வுபெற்றிருந்த ஜாக்கி ராபின்சன் வந்தார். 1972-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற கணக்கில் பிளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பழைய தீர்ப்பு பொருத்தமற்றதுதான், ஆனால் திருத்த வேண்டியது காங்கிரஸ் சபை என்பது அதன் சாரம். பிளட்டின் ஆட்டவாழ்வு முடிந்தது. கோர்ட்டில் கிடைக்காதது சங்கத்தால் கிடைத்தது. எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த மார்வின் மில்லர், ஒப்பந்தத்தில் மத்தியஸ்தர் முறையைச் சேர்த்திருந்தார். 1975 டிசம்பரில் மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ், 'ரிசர்வ்' விதி ஓராண்டுக்கே செல்லும் என்று தீர்த்தார். தொண்ணூற்றாறு ஆண்டு விலங்கு அறுந்தது. 1976-இல் சுமார் 51,000 டாலராக இருந்த சராசரிச் சம்பளம் 1992-இல் 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

மூன்று உரிமையாளர்களில் முதலாளி முதலிலேயே தம் பங்கை எடுத்துக்கொண்டார். ஆட்டக்காரர் சங்கம் கண்டு, தோற்று, மீண்டும் சங்கம் கண்டு தம் பங்கைப் பெற்றனர். ஊருக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. 1998 முதல் பெரிய லீக்குகளில் முப்பது குழுக்கள். அவற்றுள் ஒன்று பிலடெல்பியாவில் பிறந்து, 1955-இல் கான்ஸாஸ் சிட்டிக்கும் 1968-இல் ஓக்லண்டுக்கும் சென்ற 'அத்லெட்டிக்ஸ்'. 2023 ஜூன் மாதத்தில் ஓக்லண்டு மக்கள் இருபத்தேழாயிரம் பேர் அரங்கில் திரண்டு, குழுவை வேறு எவருக்காவது விற்றுவிட்டு எங்களோடு விட்டுச் செல் என்று முதலாளியைக் கேட்டனர். பயனில்லை. 2024-ஆம் ஆண்டோடு குழு புறப்பட்டது. லாஸ் வேகாஸில் அரங்கம் ஆயத்தமாகும் வரை தங்குவதற்காக அது மேற்குச் சாக்ரமென்டோவுக்குப் போயிற்று. 2025-இல் அங்கே ஆடத் தொடங்கியபோது, அந்த ஊரின் பெயரைச் சூடிக்கொள்ள அது சம்மதிக்கவில்லை. ஊர்ப் பெயர் எதுவுமின்றி வெறும் 'அத்லெட்டிக்ஸ்' என்றே நின்றது.

நேயர்களே, வேலைக்காக ஊர் விட்டு வந்தவர்கள் நாம். குழு ஊர் மாறுவதைப் பழிக்க நமக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நாம் வந்தபோது ஊர்ப் பெயரை விற்பனைச் சரக்காக எடுத்து வரவில்லை; முன்னெழுத்தாகவோ, வீட்டுப் பெயராகவோ, பண்டிகைக் கடிதத்தின் முகவரியாகவோ வைத்துக்கொண்டோம். குழுவின் முதலாளி எடுத்துச் செல்வது வேறொருவருடைய உடைமையை; ஊரார் ஐம்பது ஆண்டுகள் கொடுத்த கட்டணத்தையும் கைதட்டலையும். அதற்கு ரசீது இல்லை என்பதால் அது கடனன்று என்றாகிவிடாது. நம் நாட்டிலும் ஊர்ப்பெயர்க் குழுக்கள் பெருகி வருகின்றன. அவற்றின் பத்திரங்களில் வரும் 'பிரான்சைஸ்' என்ற சொல்லுக்கு எப்பொருளைக் கொள்வது என்பதை மொழிபெயர்ப்பாளர் மட்டும் தீர்மானிக்க முடியாது. கைதட்டுகிறவர்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி அது.